கடதாசியும் காணியும்: அங்கீகாரம் பற்றி மலையகம் சொல்லும் பாடம்

2025 செப்டெம்பர் மாதத்தின் கடைசி வாரம். தரம் 12 தமிழ்ப் பாடவேளை முடிய இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, பிரான்ஸ் எல்லாம் பலஸ்தீனத்தை அங்கீகரிச்சிட்டாங்களாம். அப்ப இனி அது ஒரு நாடுதானே?" அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "அங்கீகரிச்சு என்ன பயன்? குண்டு விழுறது நின்னுச்சா?"

இரண்டு கேள்விகளிலும் நியாயம் இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து வாப்பும்மாவின் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்தக் கேள்விகளுக்கு என் குடும்பத்திலேயே ஒரு பதில் இருக்கிறது என்று பட்டது. அன்று வகுப்பில் சொல்ல முடியாததை மாணவிகளுக்கும் பெற்றோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

பெட்டிக்குள் இருந்தது

என் பாட்டனார் 1936இல் தமிழ்நாட்டிலிருந்து ஹட்டனுக்கு வந்தவர். கடைவீதியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தார். சம்பள நாட்களில் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டங்களுக்கு ஏறுவார். லயத்து வாசலில் கடனுக்குச் சேலை கொடுத்து, அடுத்த சம்பளத்தில் பணம் வாங்குவார். தோட்டத்து மக்களின் வாழ்வும் எங்கள் வாழ்வும் இப்படித்தான் பின்னிக் கிடந்தன.

1948 பெப்ரவரி 4இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்து, நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. பரம்பரை வழியாக இலங்கையர் என்று காட்ட முடியாதவர் பிரசை அல்லர் என்றாயிற்று. தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களிடமும் பாட்டன் பிறந்ததற்குச் சான்றிதழ் இருக்கவில்லை. 1949இல் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசைகள் மட்டுமே வாக்களிக்கலாம் என்றது. 1947 தேர்தலில் நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமானையும் தலவாக்கலையிலிருந்து சி.வி. வேலுப்பிள்ளையையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களில் பெரும்பாலானோரின் பெயர்கள், 1952 தேர்தலின்போது வாக்காளர் இடாப்பில் இல்லை.

1949இல் இன்னொரு சட்டமும் வந்தது: இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம். பாகிஸ்தான் எங்கே வந்தது என்று நீங்கள் கேட்கலாம். பிரிவினைக்கு முந்திய இந்தியாவிலிருந்து வந்த எல்லோரையும் உள்ளடக்கவே அந்தப் பெயர். திருமணமானவர் 7 ஆண்டுகள், திருமணமாகாதவர் 10 ஆண்டுகள், 1946 சனவரி 1க்கு முன்னர் இடைவிடாது இங்கே வாழ்ந்ததாக நிரூபிக்க வேண்டும். இடையில் ஓராண்டுக்கு மேல் வெளியே போயிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கணக்கு. விண்ணப்பிக்க இரண்டு வருடம் அவகாசம்.

என் பாட்டனார் விண்ணப்பித்தார். ஆனால் யுத்த காலத்தில் தாயாரின் நோய்க்காக ஊருக்குப் போனவர் திரும்பிவரப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. விசாரணையில் அந்த ஒரு பயணம் அவரைத் தோற்கடித்தது. ஏறத்தாழ 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காகச் செய்யப்பட்ட விண்ணப்பங்களில் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு மட்டுமே அந்தச் சட்டத்தின் கீழ் பிரசாவுரிமை கிடைத்தது. என் வாப்பா 1950இல் ஹட்டனில் பிறந்தவர். ஆனாலும் தந்தை பிரசை அல்லாததால் மகனும் பிரசை அல்லர். நன்றாகப் படித்தும் அரசாங்க ஆசிரியர் வேலைக்கு அவரால் விண்ணப்பிக்க முடியவில்லை. பாட்டனார் 1979இல் மௌத்தானார். இந்தியாவும் அவரைத் தன் பிரசை என்று சொல்லவில்லை, இலங்கையும் சொல்லவில்லை.

எண்களாகப் பங்கிடப்பட்ட மக்கள்

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9 லட்சத்து 75 ஆயிரம் பேரின் தலைவிதி அதில் எழுதப்பட்டது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிகுதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவாயிற்று. 1974இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் அந்த மிகுதியையும் 75 ஆயிரம் வீதம் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். மலையகத் தலைவர்களின் சம்மதத்தை எந்த அரசும் கேட்கவில்லை.

வாப்பும்மாவின் உயிர்த்தோழி ஒருத்தி ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். அவளுடைய அண்ணன் குடும்பம் எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரம் போனது. பிறகு நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம், மறுபடியும் தேயிலைக்குள்ளேயே குடியமர்ந்தார்கள். இங்கே 'இந்தியாக்காரர்' என்றார்கள், அங்கே 'சிலோன்காரர்' என்கிறார்கள் என்று அந்த அண்ணன் எழுதிய கடிதத்தை வாப்பும்மா எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். 1984இல் யுத்தம் காரணமாகக் கப்பலும் நின்றது.

காத்திருந்த காலத்தில் கட்டியவை

ஆனால் அந்த ஆண்டுகளில் மக்கள் கைகட்டிக் காத்திருக்கவில்லை. என் மாணவிகள் மனதில் வைக்க வேண்டியது இதுதான்.

வாக்கு இல்லாதவர்களிடம் தொழிற்சங்கம் இருந்தது. 1931இலேயே கோ. நடேசய்யர் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மை தோட்டம் தோட்டமாகப் பாடிப் பரப்புரை செய்தார். 1939இல் நேரு இலங்கை வந்தபோது உருவான இலங்கை இந்தியன் காங்கிரஸ், பின்னர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவரான அப்துல் அஸீஸ் ஐம்பதுகளின் நடுப்பகுதியில் பிரிந்து சனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை வளர்த்தார். தோட்டத் தொழிலாளர்களின் பெருந்தலைவர்களுள் ஒரு முஸ்லிமும் இருந்தார் என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

பள்ளிக்கூடங்களும் அப்படித்தான். தோட்டப் பாடசாலை என்றால் ஓர் ஆசிரியர், ஒரு கொட்டில், ஐந்தாம் வகுப்போடு முடிவு. இருந்தும் ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் ஒரு தலைமுறையையே உருவாக்கினார்கள். 'தோட்டக்காட்டான்' என்று மற்றவர் இகழ்ந்த இடத்தில் 'மலையகத்தான்' என்று தலைநிமிர்ந்து சொல்ல அந்தத் தலைமுறைதான் பழகியது. எழுபதுகளிலிருந்து தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, அவற்றில் படிப்பிக்க நம் மண்ணிலேயே படித்தவர்கள் தயாராக இருந்தார்கள். பின்னர் தொண்ணூறுகளில் கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது.

1977இல் தொண்டமான் மீண்டும் பாராளுமன்றம் சென்று, அடுத்த ஆண்டு அமைச்சரானார். அரசோடு சேர்ந்தது சரியா என்று அன்றும் வாதம் நடந்தது, இன்றும் நடக்கிறது. ஆனால் 1986 தைப்பொங்கல் நாளில் தோட்டங்களில் பிரார்த்தனை இயக்கம் தொடங்கியபோது, வேலையை நிறுத்தி மக்கள் ஒன்றுகூடக் காரணம் தலைவர் ஒருவர் மட்டுமல்ல. அரை நூற்றாண்டாகக் கட்டிய சங்கமும் ஆகும். அதே ஆண்டில் நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. 1988இல் வந்த 39ஆம் இலக்கச் சட்டம் பாதையை இன்னும் எளிதாக்கியது. இந்தியாவுக்கு விண்ணப்பிக்காதவர்கள் சத்தியக் கடதாசி ஒன்றோடு தம்மைப் பிரசை என்று நிறுவ முடிந்தது. வாப்பும்மாவின் பெட்டியில் அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது அந்தக் கடதாசிதான். அதன் பிறகு வந்த தேர்தலில், அறுபது வயதைக் கடந்த பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக அவர் வாக்களித்தார். கடைசியாக 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரசாவுரிமை அளித்தது. சில நாட்களே நடந்த இயக்கத்தில் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர் அதைப் பெற்றார்கள். தொழிற்சங்கத் தொண்டர்கள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் படிவம் நிரப்பிக் கொடுத்ததால்தான் அந்த வேகம் சாத்தியமாயிற்று.

பத்திரம் வந்தது, தபால் வரவில்லை

கடதாசி கிடைத்துவிட்டது. கதை முடிந்ததா? இல்லை.

எனக்கு முதல் நியமனம் ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் கிடைத்தது. என்னிடம் படித்த ஒரு பிள்ளை உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்து, கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. ஆனால் அவள் வீட்டுக்கு இலக்கம் இல்லை, வீதிப் பெயர் இல்லை. தகப்பனின் பெயரும் தோட்டத்தின் பெயரும்தான் முகவரி. கடிதம் தோட்ட அலுவலகத்தில் பதினொரு நாட்கள் கிடந்தது. அவள் கைக்கு வந்தபோது நேர்முகத் தேதி கடந்துவிட்டது. அவளிடம் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வாக்குரிமை எல்லாம் இருந்தன. ஒரு முகவரி இல்லாததால் அந்த வருடம் போயிற்று.

இது அவளுடைய குறை மட்டுமல்ல. தோட்டங்கள் 1972, 1975 சட்டங்களால் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசுக்கு, பயிர் கம்பனிக்கு. லயத்தில் பிறந்து லயத்தில் இறப்பவருக்கு உறுதிப்பத்திரம் இல்லை. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபையாலேயே தோட்டத்துக்குள் ஒரு பாதை போட முடியாதிருந்தது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரு பிரதேச சபைகள் ஆறாயின. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவை புதியவை. 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டத்தில் வீடுகள் எழுகின்றன. இந்திய உதவியுடனும் கட்டப்படுகின்றன. ஆனால் இன்னும் பெருந்தொகையினர் லயத்தில்தான் இருக்கிறார்கள்.

என் மாணவிக்கு அடுத்த வருடம் நாங்கள் ஓர் ஏற்பாடு செய்தோம். கடைவீதியில் இருந்த எங்கள் வீட்டு இலக்கத்தை அவள் தன் தபால் முகவரியாகக் கொடுத்தாள். சட்டம் மாறும்வரை காத்திருக்க அவளுக்கு நேரமில்லை. இன்று அவள் ஓர் ஆசிரியை.

இனி பலஸ்தீனம்

ஒரு நாடு என்பது எது? 1933இன் மொண்டிவிடியோ உடன்படிக்கை நான்கு அடையாளங்களைச் சொல்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, ஓர் அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் தகைமை. பிற நாடுகள் தரும் அங்கீகாரம் இவற்றோடு சேர்ந்து வேலை செய்கிறதே தவிர, இவற்றின் இடத்தை நிரப்புவதில்லை.

நம் நாட்டையே பாருங்கள். 1948இல் சுதந்திரம் பெற்ற இலங்கை, சோவியத் ஒன்றியத்தின் வீட்டோவினால் 1955 டிசம்பர் வரை ஐக்கிய நாடுகள் சபையில் அங்கத்துவம் பெற முடியவில்லை. அந்த ஏழு ஆண்டுகளும் இங்கே பாராளுமன்றம் கூடியது, பாடசாலைகள் நடந்தன, தேயிலை ஏற்றுமதியானது. தன் அங்கீகாரத்துக்காக உலகத்தின் வாசலில் காத்திருந்த அதே ஆண்டுகளில், இந்நாடு தன் மலைகளில் உழைத்தவர்களை அங்கீகரிக்க மறுத்தது என்பதும் உண்மை.

பலஸ்தீனருக்கும் 1948தான் உடைந்த ஆண்டு. சுமார் 7 லட்சம் பேர் வீடுகளை இழந்து அகதிகளானார்கள். 1988 நவம்பர் 15இல், நம் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து சரியாக நாற்பதாண்டு கழித்து, அல்ஜியர்ஸ் நகரில் பலஸ்தீன அரசு பிரகடனம் செய்யப்பட்டது. இலங்கை அதே ஆண்டில் அதை அங்கீகரித்தது. 2012 நவம்பர் 29இல் ஐ.நா. பொதுச் சபை 138 வாக்குகளால் அதற்கு அங்கத்துவமற்ற அவதானி நாடு என்ற தகுதி கொடுத்தது. எதிர்த்தவை 9, வாக்களிக்காது விலகியவை 41. 2024 ஏப்ரலில் முழு அங்கத்துவக் கோரிக்கையை அமெரிக்கா பாதுகாப்புச் சபையில் வீட்டோ செய்தது. இன்று 193 அங்கத்துவ நாடுகளில் 150க்கும் மேற்பட்டவை அதை அங்கீகரிக்கின்றன.

அவர்களும் காத்திருந்து கொண்டே கட்டினார்கள். அகதி முகாம்களில் ஐ.நா.வின் நிவாரண முகவரகம் நடத்திய பாடசாலைகளிலிருந்து ஆசிரியர்களும் வைத்தியர்களும் வந்தார்கள். 2007 முதல் 2013 வரை பிரதமராக இருந்த பொருளியலாளர் சலாம் ஃபய்யாத், 2009இல் இரண்டாண்டுத் திட்டம் ஒன்றை முன்வைத்தார். நாடு கிடைத்த பிறகு நிறுவனங்களைக் கட்டுவது என்றில்லாமல், வரவுசெலவு, நீதிமன்றம், பொலிஸ், பாதை, தண்ணீர் என்று ஓர் அரசின் வேலைகளை இப்போதே ஒழுங்காகச் செய்து காட்டுவது என்பதே அதன் சாரம். 2011இல் உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் ஓர் அரசை நடத்தும் தகைமை அங்கே உண்டு என்று மதிப்பிட்டன.

ஆனால் அத்தோடு அந்தப் பாதை முட்டி நின்றது. எல்லைகளும், இறக்குமதி வரியைச் சேர்க்கும் அதிகாரமும் இஸ்ரேலின் கையில். குடியேற்றங்கள் தொடர்ந்தன. 2007 முதல் காஸா ஹமாஸின் ஆட்சியிலும் மேற்குக் கரை அதிகார சபையின் கீழும் பிரிந்து கிடந்தன. 2023 ஒக்டோபரில் தொடங்கிய யுத்தம் காஸாவில் பல்லாயிரம் உயிர்களோடு பாடசாலைகளையும் பல்கலைக்கழகங்களையும் கொண்டுபோனது. கட்டுவதற்குத் திறமை இருந்தும், கட்டியதைக் காக்கும் அதிகாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி.

இரண்டு கதைகளும் ஒன்றல்ல. மலையக மக்கள் தனி நாடு கேட்கவில்லை. வாழ்ந்த நாட்டில் தம்மை எண்ணச் சொன்னார்கள். பலஸ்தீனர் தமக்கென ஒரு நாட்டைக் கேட்கிறார்கள். ஆக்கிரமிப்பின் கீழ் கேட்கிறார்கள். நம் துயரத்தை அவர்களுடைய துயரத்தோடு எடைபோடுவது சரியல்ல. ஆனால் ஒரு பாடம் இரண்டுக்கும் பொதுவானது. அங்கீகாரம் வந்தால் கேட்பதற்கு ஓர் இடம் கிடைக்கிறது. 1988க்குப் பின்னர் எங்கள் குடும்பம் பிரசையாக நின்று கேட்டது; அதற்கு முன்னர் தயவு கேட்டது. அந்த வித்தியாசம் சிறியதல்ல. அதேவேளை, கேட்கும் இடம் கிடைத்த பிறகு கேட்பதற்கு ஆள் வேண்டும். படித்தவரும், கணக்கு வைக்கத் தெரிந்தவரும், சங்கம் நடத்திப் பழகியவரும் அன்று இல்லாதிருந்தால் 2003இல் அந்தப் படிவங்களை யார் நிரப்பியிருப்பார்கள்?

எனவே முதல் மாணவிக்கு என் பதில்: அங்கீகாரத்தால் ஒரு நாடு முழுமையாகிவிடுவதில்லை. இரண்டாம் மாணவிக்கு: குண்டு நிற்கவில்லை என்பதற்காக அங்கீகாரம் வீணானதும் அல்ல. பத்திரம் கிடைத்து இத்தனை ஆண்டுகளாகியும் நாம் காணி உறுதியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பத்திரத்தைக் காட்டித்தான் கேட்கிறோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்துப் பிழையின்றி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பதினைந்து வயதானதும் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். வாக்காளர் இடாப்புப் படிவத்தோடு கிராம உத்தியோகத்தர் வரும்போது, வீட்டிலுள்ள பெண்பிள்ளைகளின் பெயரையும் மறவாமல் எழுதுங்கள். என் பாட்டனாருக்குப் பதினான்கு மாதக் கணக்கு ஒன்று ஆயுள் முழுவதையும் பறித்தது. உங்கள் பிள்ளைக்கு ஓர் எழுத்து ஒரு வருடத்தைப் பறித்துவிடக் கூடாது.

வாப்பும்மாவின் கடதாசியை மடிப்புக் கிழியாமல் உறையில் போட்டு அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். அடுத்த தவணையில் அதை வகுப்புக்குக் கொண்டுவந்து, கேள்வி கேட்ட இருவர் கையிலும் கொடுப்பேன்.